சமாரியர் பள்ளி கண்ட எஸ்மார்க்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியிற் கள்வர் கைப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனையும், அவனைக் கண்டு விலகிப் போன இருவரையும், அருகணைந்து காயங்கட்டிய சமாரியனையும் நம்முள் அறியாதார் இலர். அக்கதையைக் கேட்குந்தோறும் நாம் சமாரியனுடைய இரக்கத்தையே வியக்கின்றோம். அவன் கைத்திறத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. இரக்கம் மிக்கவனாயினும் காயங்கட்டும் வகை அறியாதவனாய் அவன் இருந்திருப்பின், யாது செய்திருப்பான்? அருகில் நின்று கண்ணீர் விட்டிருப்பான். பயணியோ அங்கேயே உயிர் துறந்திருப்பான். இரக்கமுள்ள நெஞ்சுக்குப் பயின்ற கை துணையாதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து, அச்சமாரியன் பெயராலேயே ஒரு பள்ளி நிறுவி, வைத்தியரல்லாத மக்களுக்கு உயிர்காக்குங் கலையைப் பயிற்றியவர் ஜெர்மானிய இரண வைத்தியராகிய பிரீட்ரிக் எஸ்மார்க் என்பவர். அவருடைய வரலாற்றை நம் மாணவ நண்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

விபத்து நேர்ந்த இடத்திற்கும் வைத்தியசாலைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அறுபட்ட பெருங்குருதிக் குழாயிலிருந்து இரத்தம் பெருகுமாயின் ஒருவன் சில நிமிஷங்களில் இறந்துபடுவான். எத்துணைப் பெரிய வைத்தியராயினும், அரைமணி கழித்து வருவாராயின் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆதலின் அவ்விடைவெளியில் நிற்கும் மனிதன் எவன், அவனுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே உயிர் நிற்றலும் போதலும் அமைகின்றன. ஒன்றும் அறியாத வழிப்போக்கனுக்கும் முற்றக் கற்ற வைத்தியனுக்கும் இடையே, அளவறிந்து பயின்ற ஒருவன் வேண்டும் என்பதே எஸ்மார்க் கொண்ட கொள்கை.

அவர் கி. பி. 1823-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9-ஆம் நாள் டோனிங் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் ஐடர் ஆறு வடகடலிற் கலக்குமிடத்தை அடுத்து உள்ளது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்னும் அந்நாட்டுப் பகுதிகள் அக்காலத்து டென்மார்க்கு மன்னர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. தந்தையார் ஒரு வைத்தியர். மைந்தரும் அத்தொழிலையே விரும்பிக் கீல், கோட்டிங்கன் ஆகிய இடங்களிலுள்ள சர்வகலாசாலைகளிற் பயின்றார். 1846-ஆம் ஆண்டில், லாங்கன்பெக் என்னும் புகழ்பெற்ற இரண வைத்தியருக்குக் கீல் நகரத்து வைத்தியசாலையிற் துணைவராக அமர்ந்தார்.

ஈராண்டு கழியுமுன் போர் மூண்டது. 1848-ஆம் ஆண்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மக்கள் டென்மார்க்கு மன்னருக்கு எதிராக எழுந்தனர். இருபத்தைந்து வயதினராகிய எஸ்மார்க், முதலிற் படைக்கலந் தாங்கிப் போர்வீரராகவே களம் புகுந்தார். ஏப்ரல் மாதத்தில் நிகழ்ந்த பாவ் என்னுமிடத்துப் போரிற் பகைவர் கையிற் சிறைப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று வந்து, வாளை வைத்துவிட்டு வைத்தியக் கத்தியைக் கையிலெடுத்தார். லாங்கன்பெக் பெர்லினுக்குச் செல்ல, அவரிடத்துக்கு வந்த ஸ்ட்ரோமையர் என்னும் பேராசிரியரிடம் எஸ்மார்க் பணி செய்தார். துப்பாக்கிக் குண்டினால் மூட்டு நொறுங்கியவிடத்துக் கை கால் முழுவதையும் வெட்டி எறியும் வழக்கமே அந்நாளிற் பெரிதும் இருந்தது. நொறுங்கிய எலும்பை மட்டும் நீக்கி உறுப்பைக் காக்கும் முறையை அவ்விருவரும் கையாண்டனர். அதன் பயனை எஸ்மார்க் 1851-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். 1854-ஆம் ஆண்டிற் கீல் நகர இரண வைத்தியசாலையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1857-ஆம் ஆண்டிற் பேராசிரியரானார். ஸ்ட்ரோமையருடைய மகளையே மணந்தார். நாற்பதாண்டுக்கு மேலாகக் கீல் நகரைவிட்டு அவர் நிலையாகப் பெயர்ந்திலர்.

ஆயினும் போர் அவரை விட்டபாடில்லை. 1864-ஆம் ஆண்டில் டென்மார்க்கோடு மீண்டும் போர். 1866-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவோடு போர். 1870-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டோடு பெரும்போர். இவை எல்லாவற்றிலும் காயம்பட்டோரைப் பேணும் பணியில் அவர் ஈடுபட்டார். வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தோரைக் காக்கும் முறைகள் ஆண்டுதோறும் வளர்ந்துவரக் கண்டார்; வந்து சேராமலே மாண்டோர்க்கு அவ்வளர்ச்சியால் யாதொரு பயனும் இல்லாமையையும் கண்டார். அருகிற் கிடந்த தோழன் ஒரு துணியை எடுத்து இறுகக் கட்டத் தெரிந்தவனாயிருப்பின் பிழைத்திருக்கக் கூடியவர் பலர். அத்தோழனிடத்துத் துணி இல்லாமலில்லை, மனம் இல்லாமலில்லை, அறிவே இல்லை. இக்குறை அவர் நெஞ்சை வருத்திற்று.

அதனைத் தீர்க்க அவர் முதன்முதற் கண்ட வழி மிக எளியது. கைக்குட்டை போன்ற துணியை முக்கோணமாக மடித்துக் காயங்கட்டும் முறையை மேயர் என்னும் சுவிட்ஸர்லாந்து வைத்தியர் முன்னரே எடுத்துக் காட்டியிருந்தார். எஸ்மார்க் அம்முக்கோணக் கட்டுத்துணியின் மேலேயே, அதனைத் தலையிலும் தோளிலும் கையிலும் காலிலும் எவ்வாறு கட்டுவது என்பதைப் படங்களாக அச்சிடுவித்தார். எழுத்தறியாத வீரனும் படத்தைப் பார்த்துக் கட்டலாம். மருந்தும் ஆசிரியரும் ஒரே துணியில் அமைந்தவாறு இது. போர்க்களத்தில் முதற்கட்டுப் போடுதலைப்பற்றி 1869-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலும் எழுதினார். காயத்தை அழுக்குக் கையால் தொட்டுத் துழாவாமலும், கேடு விளைக்காமலும் இருத்தலே முதற்கட்டுப் போடுவோனுக்குத் தலையாய விதி என்று அவர் கற்பித்து வந்தார்.

நிற்க, வைத்திய உலகில் அவர் பெயரை நிலைநாட்டியது 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முறையாகும். கை அல்லது காலில் அறுவை செய்யுமுன், விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி நீளும் ரப்பர்ப் பட்டையை இறுகச் சுற்றிக்கொண்டே போக, உறுப்பிலுள்ள இரத்தம் உடலுக்குள் தள்ளப்படுகின்றது. பின்பு மேற்புறத்தில் ஒரு ரப்பர்க் குழாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் பட்டையை அவிழ்த்து விட்டால், அவ்வுறுப்பு இரத்தமற்று வெளிறி நிற்கும். வைத்தியர் குருதி வெள்ளத்திற் கண் மறையாமல் நரம்பையும் தசையையும் தெளிவாகக் கண்டு வேலை செய்யலாம். நோயாளியும் குருதி இழவாமற் பிழைப்பான். காற்றடைத்த பட்டைகள் பிற்காலத்தில் அக்குழாயின் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும் எஸ்மார்க் பட்டை என்னும் பெயரோடு அந்த ரப்பர்ச் சுற்று இன்றும் எலும்பு வைத்தியர் அறைகளில் வழங்குகின்றது.

1877-ஆம் ஆண்டில், போர்க்கள இரண வைத்தியத்தின் செய்முறைகளைப் படங்களோடு விளக்கும் பெருநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். பேரரசி அவுகுஸ்தா ஏற்படுத்திய பரிசைப் பெற்ற நூல் அது. குளோரோபாரம் கொடுக்கும்போது நாக்குப் பின்புறம் விழுந்து மூச்சு அடைபடுவதுண்டு. கீழ்த்தாடையின் இருபுறக் கோணங்களையும் பிடித்து முன்னோக்கித் தூக்கினால் நாக்கு உடன் எழுந்து மூச்சுவழி திறந்துவிடும். இக்கைமுறைக்கு எஸ்மார்க் பெயரையும் நார்வே நாட்டு ஹைபெர்க் பெயரையும் சேர்த்தே வழங்குவர். கருவி வேண்டா, மருந்து வேண்டா. இரண்டு கைகள் போதும். கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்னும் ஐயமுள்ளவிடத்துத் தலையை அசைக்காமல் மூச்சுவழியைத் திறக்க, அவசர உதவி பயில்வோர்க்கு இன்றும் இதனையே கற்பிக்கின்றனர்.

இவ்வாறு பெரும்புகழ் எய்திய பின்னரும், அவருடைய பழைய கவலை நீங்கவில்லை. போர் முடிந்துவிட்டது, ஆனால் சமாதான காலத்திலும் இரத்தம் சிந்தாத நாள் உண்டோ? கப்பல் கட்டும் துறைகளும், இருப்புப் பாதைகளும், சுரங்கங்களும், யந்திரசாலைகளும் எங்கும் பெருகின. அவற்றோடு விபத்துக்களும் பெருகின. ஜெர்மானியக் கடற்படையின் துறைமுகமாகிய கீல் நகரத்தில் வாழ்ந்தவர்க்கு இஃது ஏட்டளவான செய்தியன்று.

1881-ஆம் ஆண்டில், லண்டன் நகரத்திற் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டிற்கு எஸ்மார்க் சென்றார். அங்கே அவர் கண்ணைக் கவர்ந்தது பெரிய ஆஸ்பத்திரியன்று, எளிய வகுப்பொன்றேயாம். தூய யோவான் சபையைச் சேர்ந்தோர் 1877-ஆம் ஆண்டில் ஆம்புலன்ஸ் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தனர். மறு ஆண்டில் ஷெப்பர்ட் என்னும் இராணுவ வைத்தியரும் டங்கன் என்னும் தளபதியும் உல்விச் என்னுமிடத்திற் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினர். அங்ஙனம் கற்பித்த ஷெப்பர்ட், 1879-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் இஸாண்டல்வானாப் போர்க்களத்தில் உயிர் துறந்தார். அவர் மறைந்தாலும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. போலீஸாரும் இருப்புப்பாதைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் அவ்வகுப்புக்களிற் சேர்ந்து பயின்றுவந்தனர். தாம் இருபதாண்டாக நெஞ்சிற் சுமந்த எண்ணத்தைப் பிறர் செய்து காட்டுவதைக் கண்டபோது, பொறாமையின்றி அதனைப் போற்றிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார் பேராசிரியர்.

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னா நகரத்து நாடகசாலை ஒன்று தீப்பற்றி எரிய, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மறுநாளே முண்டி என்னும் வைத்தியர் நண்பர் சிலரோடு கூடி அந்நகரிற் தொண்டர் மீட்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். ஐரோப்பா எங்கும் இவ்வெண்ணம் முளைத்த காலம் அது. எஸ்மார்க் காலந் தாழ்த்தாமல் 1882-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கீல் நகரத்திற் பொதுமக்களை அழைத்து வகுப்பு நடத்தினார். மார்ச்சு மாதத்தில் ஜெர்மானிய சமாரியர் சங்கம் தோன்றிற்று. கற்பிக்குமிடத்துக்குச் சமாரியர் பள்ளி என்று பெயரிட்டார்.

பாடம் ஐந்தே விரிவுரைகளில் அடங்கிற்று. எலும்புக்கூட்டையும் இரத்த ஓட்டத்தையும்பற்றி வேண்டிய அளவே சொல்லி, காயத்தைத் தூய்மையாக மூடுதல், குருதியை விரலாலும் கட்டாலும் நிறுத்துதல், முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டுதல், தீப்புண்பட்டோரையும் நீரில் மூழ்கினோரையும் நஞ்சுண்டோரையும் காத்தல், காயம்பட்டவரை வலி மிகாமல் தூக்கிச் செல்லுதல் ஆகியவற்றைக் கற்பித்தார். கேட்டல் மட்டும் போதாது, கையாற் செய்து பழகுதல் வேண்டும் என்பது அவர் முறை. கைத்தடி, குடை, கழுத்துத்துணி முதலாக வழியில் அகப்படும் எதுவும் கருவியாகும் என்று காட்டினார். காற்சட்டையைத் தாங்கும் தோள்வாரைக்கூட நீளும் பட்டையாற் செய்வித்து, வேண்டும்போது கழற்றிக் குருதியை நிறுத்தும் கட்டாகப் பயன்படுத்த வகை கண்டார். உடுத்த உடையிலேயே உயிர்காக்கும் கருவி இருத்தல் வேண்டும் என்னும் அவருடைய நுண்மதியை இதனால் அறியலாம்.

இத்தகைய நற்பணிக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? வைத்தியர்களிடமிருந்தே வந்தது. ஐந்து நாட் படித்தவன் தன்னை வைத்தியன் என்று எண்ணிக்கொள்வான். அரைகுறை அறிவு அறியாமையிலும் கொடியது. நாட்டிற் போலி வைத்தியர் பெருகிவிடுவர் என்று பலர் அஞ்சினர். தங்கள் வருவாய்க்கு இடையூறாகுமோ என்று எண்ணினோரும் இல்லாமலிரார். ஆயினும் அவ்வச்சம் முழுதும் வீணானதென்று நாம் தள்ளிவிடக் கூடாது. இறுக்கிய கட்டை அவிழ்க்காமல் நெடுநேரம் விட்டால் அவ்வுறுப்பே இறந்துபோம். முறிந்த காலை அறியாமல் இழுப்பவன் முறிவைப் பெருங்காயமாக்குவான். உதவி செய்யும் கைக்குக் கேடு செய்யும் ஆற்றலும் உண்டு.

எஸ்மார்க் இவ்வெதிர்ப்பைச் சினத்தால் வெல்லவில்லை. வரம்பு வகுத்து வென்றார். சமாரியன் வைத்தியனுக்குப் போட்டியாளன் அல்லன். வைத்தியன் வரும்வரையில் உயிரைத் தாங்கி நிற்பவன். வைத்தியன் வந்தவுடன் அவன் பணி முடிந்தது. இன்னவை செய்க என்று கற்பித்த அதே அழுத்தத்தோடு, இன்னவை செய்யற்க என்றும் கற்பித்தார். அறியாமையை ஒழிக்க வேண்டுமாயின் அறிவை மறைப்பதனால் ஒழிக்க இயலாது; விபத்து நேருமிடத்து மக்கள் ஏதேனும் ஒன்றைச் செய்யாமலிரார்; அவர்கள் செய்வதைச் சரியாகச் செய்யக் கற்பிப்பதே வைத்தியர் கடன் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தம் புகழையெல்லாம் ஈடாக வைத்து அவர் இதனைச் சொன்னமையால், உலகம் செவிசாய்த்தது.

அவருடைய ஐந்து விரிவுரைகளும் நூலாகி விரைவிற் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டன. ஆங்கிலத்திற் பெயர்த்தவர் விக்டோரியா மகாராணியாரின் புதல்வியாராகிய கிறிஸ்தியன் இளவரசியார் என்பது குறிப்பிடத்தக்கது. எஸ்மார்க் தம் முதல் மனைவியார் இறந்தபின் 1872-ஆம் ஆண்டில் ஹென்ரியட்டா என்னும் இளவரசியை மணந்திருந்தார்; மொழிபெயர்த்த இளவரசியார் அவ்வம்மையாருடைய சகோதரரின் மனைவியார். அரச குடும்பத்துத் தொடர்பு அவருக்குப் பெருமை தந்ததோடு நில்லாமல், அவர்தம் பணிக்கும் துணையாயிற்று.

ஆனால் அவ்விதை அரண்மனையில் மட்டும் முளைக்கவில்லை. 1888-ஆம் ஆண்டிற் பெர்லின் நகரத்துத் தச்சர் அறுவர் ஒன்றுகூடி, வேலைத்தலங்களில் நேரும் விபத்துக்களிற் தம் தோழர்க்கு உதவும் பொருட்டு முதலுதவி வகுப்பொன்றை ஏற்படுத்தினர். அதிலிருந்து வளர்ந்ததே தொழிலாளர் சமாரியர் சங்கம். பேராசிரியர் சூட்டிய பெயரைத் தச்சர்கள் தம் பெயராகக் கொண்டமை, அவருக்குக் கிடைத்த பட்டங்கள் எல்லாவற்றினும் சிறந்ததென்று நாம் கருதுகின்றோம். பட்டங்களும் வந்தன, 1887-ஆம் ஆண்டிற் பேரரசு அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தது. 1899-ஆம் ஆண்டிற் பதவியினின்றும் ஓய்வு பெற்று, 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் நாள் தமது எண்பத்தைந்தாம் வயதிற் கீல் நகரத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் கற்பித்தவற்றுள் சில காலத்தால் மாறின. நீரில் மூழ்கினோர்க்குக் கைகளை மேலே உயர்த்தியும் மார்பின்மேல் அமுக்கியும் மூச்சு வருவிக்கும் அக்காலத்து முறை, 1950-க்குப் பின்னர் வாயோடு வாய் வைத்து ஊதும் முறைக்கும், 1960 முதல் மார்பெலும்பை அழுத்தி இருதயத்தை இயக்கும் முறைக்கும் இடங்கொடுத்தது. குருதியை நிறுத்தும் இறுக்குக்கட்டோ நெடுங்காலம் ஆபத்தானதென்று ஒதுக்கப்பட்டிருந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்துப் போர்களிற் பல உயிர்களைக் காத்தமையால் மீண்டும் மதிப்புப் பெற்றது. ஒதுக்கினோரும் மீட்டோரும் அவர் முன்னரே எழுப்பிய வினாவுக்கே விடை தேடினர்: எக்கருவியை எக்கைக்கு எவ்வளவு பயிற்சியின்பின் கொடுக்கலாம்?

அவ்வினா இன்னும் முடிந்தபாடில்லை. அமெரிக்க நாட்டில் ஒருகாலத்துப் பல ஊர்களிற் காயம்பட்டோரை ஏற்றிச் சென்றவை பிணவண்டி வைத்திருந்தோருடைய வண்டிகளே. 1966-ஆம் ஆண்டில் விபத்து மரணங்களைப்பற்றி அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கை மக்கள் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பிற்று. அதன்பின் அவசர உதவியாளர் படிப்படியாக வகுக்கப்பட்டனர். அடிநிலையினர் கட்டுக்கட்டவும் மூச்சளிக்கவும் கற்றனர். மேல்நிலையினர் பல மருந்துகளையும் இருதய யந்திரங்களையும் கையாளக் கற்றனர். இவ்விருவர்க்கும் நடுவே இடைநிலையினர் அமைந்தனர். அவர்க்கென 1985-ஆம் ஆண்டில் தனிப் பாடத்திட்டம் ஒன்று தோன்றிற்று. இரத்தக் குழாயில் ஊசியேற்றி நீர் செலுத்தவும், மூச்சுவழிக் கருவி சிலவற்றைப் பயன்படுத்தவும், வைத்தியர் ஆணைப்படி மருந்து சிலவற்றைக் கொடுக்கவும் அவர்க்கு உரிமையுண்டு. அதற்கு அப்பாற் செல்ல உரிமையில்லை. பெரிய வைத்தியசாலைகளுக்குத் தொலைவிலுள்ள சிற்றூர்களில் இத்தகையோர் செய்யும் பணி அளவிடற்கரியது. வரம்பு முன்னேறியுள்ளது, ஆனால் வரம்பு வேண்டும் என்பதும், வரம்புக்குள் நிற்போன் முழுத்திறம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் கீல் நகரத்துப் பள்ளியில் வகுத்தபடியே நிற்கின்றன.

நாமும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். தெருவில் ஒருவன் அடிபட்டு விழுந்தவிடத்துக் கூட்டம் கூடுகின்றது. ஐயோ என்னும் ஒலி எழுகின்றது. ஒருவர் தண்ணீர் கொண்டுவா என்கின்றார், மற்றொருவர் தூக்கி நிறுத்து என்கின்றார். அக்கூட்டத்தில் நாமும் நின்றிருக்கின்றோம். ஆசாரியனும் லேவியனும்போல நாம் விலகிப் போகவில்லை. எனினும் நம்மால் அவனுக்கு விளைந்த நன்மை யாது? கல்வி பெற்ற நமக்கு, செய்வதறியாது நிற்றல் ஒரு பெருமையாகாது. ஐந்து மாலைப்பொழுதிற் கற்கக்கூடியதைக் கல்லாமல் விட்டது நம் குற்றமேயாம். எஸ்மார்க் செய்தவற்றுள் அரிய அறுவை முறைகளை நாம் எல்லோரும் செய்தல் இயலாது. ஆனால் அவர் தச்சனுக்கும் மாலுமிக்கும் கற்பித்ததை நாம் கற்றல் இயலும். இரக்கத்தை ஆண்டவர் நமக்கு அருளியுள்ளார். பயிற்சியை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும். அவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவனே வழியிற் கிடந்தவனுக்கு மெய்யான அயலான் ஆவான்.